கூரைக்கு மேலே சலுகை, கூரைக்குக் கீழே சூடு

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். ஆடி மாதம், கச்சான் காற்று அடிக்கிற காலம். இரவு எட்டு மணிக்கு மேசையில் ஏறி நின்று தலைக்கு மேலே இருக்கும் பிளேட்டில், அதாவது கொங்கிறீட் கூரைத்தட்டில், கையை வைத்தால் உள்ளங்கை சுடும். பொழுதுபட்டு ஒன்றரை மணித்தியாலம் கழிந்திருக்கும், ஆனாலும் கொங்கிறீட்டுக்கு அது தெரியாது. கீழ்வீட்டு அம்மம்மா ஒருநாள் மேலே வந்து இரண்டு நிமிடம் நின்றார். "என்ன மனே, போறணைக்குள்ள குடியிருக்கியா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

கூரைக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்துத் தர முடியுமா என்று உரிமையாளரிடம் கேட்டேன். "ஏசி ஒண்டு போடுங்கோ தம்பி, வயர் நான் இழுத்துத் தாறன்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் பில் கட்டப்போவது நான். அடுத்த வருடம் அதே கூரையில் சோலர் பனல் பூட்டினார். அவருக்கு மாதாமாதம் காசு வந்தது. எனக்கு? பனல் வந்த பாதிக் கூரைக்குக் கீழே இருந்த அறை கொஞ்சம் குளிர்ந்தது. நிழல்தான் எனக்குக் கிடைத்த சலுகை.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கட்டடங்களின் மின்சாரக் கதை ஏறக்குறைய இதுதான். அரசு கொடுத்த பெரிய சலுகை கூரைக்கு மேலே போனது. கூரைக்குக் கீழே எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதைப் பற்றிச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. கட்டுகிற இடத்தில் அதை யாரும் கேட்பதில்லை. பில்லோ, இவை இரண்டிலும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஆளான வாடகைக்காரரின் கையில் வந்து விழுகிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகார சபை உருவானது. பெரிய அளவில் மின்சாரம் பாவிக்கும் நிறுவனங்கள் வலு முகாமையாளர் ஒருவரை நியமிப்பது, விற்பனைக்கு வரும் மின்சாதனங்களில் எவ்வளவு சிக்கனம் என்று காட்டும் நட்சத்திர முத்திரை ஒட்டுவது, கட்டடங்களுக்கு வலுச் சிக்கனக் கோவை (சக்தியை வீணாக்காமல் கட்டுவதற்கான விதித்தொகுப்பு) வகுப்பது எல்லாம் அந்தச் சபையின் வேலைகள். கட்டடக் கோவை 2008இன் பெயரில் ஒருமுறை வந்தது, பிறகு 2020இன் பெயரில் புதுப்பிக்கப்பட்டது.

2008ஆம் ஆண்டுக் கோவை யாரைக் குறிவைத்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நான்கு மாடியோ அதற்கு மேலோ, 500 சதுர மீற்றரோ அதற்கு மேலோ பரப்பு, 100 கேவிஏயோ (ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமையின் அளவு) அதற்கு மேலோ மின்தேவை, 350 கிலோவாற்றோ அதற்கு மேலோ குளிரூட்டல். இவற்றில் ஒன்று இருந்தாலே கட்டடம் கோவைக்குள் வந்துவிடும். 350 கிலோவாற் குளிரூட்டல் என்பது 12,000 பீரீயூ (BTU) அளவுள்ள அறை ஏசிகள் ஏறக்குறைய நூற்றுக்குச் சமம். அப்படி ஒரு கட்டடம் எங்கள் பக்கத்தில் அபூர்வம். அது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலாக இருக்கலாம். ஆனால் 500 சதுர மீற்றர் என்றால் சுமார் 5,400 சதுர அடிதான். கல்முனையிலோ காத்தான்குடியிலோ மெயின் வீதியில் தளத்துக்கு 2,000 சதுர அடி வைத்து மூன்று தளம் எழுப்பிய புடவைக்கடை 6,000 சதுர அடிக் கட்டடம். அதாவது கொழும்பில் வானத்தைத் தொடும் கோபுரங்களுக்கு மட்டும் எழுதிய கோவை அல்ல இது. நாங்கள் தினமும் சாமான் வாங்கப் போகிற கடைக்கும் சேர்த்து எழுதியது.

சுவர், கூரை வழியாக உள்ளே வரும் வெப்பம், வெளிச்சம், காற்றோட்டமும் ஏசியும், சுடுதண்ணீர், உள்வயரிங் என்று கோவை எல்லாவற்றையும் தொடுகிறது. பிளான் போடும் நேரத்தில் எங்கள் பக்கத்தில் நடக்கும் பேச்சு வேறு. வீதியிலிருந்து எத்தனை அடி விட்டீர்கள், மலசலகூடக் குழி எங்கே, வாகனம் நிறுத்த இடம் உண்டா? இவை தேவையான கேள்விகள்தான். மேற்குச் சுவர் முழுக்க நீலக் கண்ணாடி போடப் போகிறீர்களே, பின்னேரம் மூன்று மணிக்கு உள்ளே என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டதாக எந்த மேசனும் என்னிடம் சொன்னதில்லை.

அந்தக் கண்ணாடி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது எங்கள் ஊரின் அமைப்போடு பிணைந்தது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று என்று தெற்கே போகும் மெயின் வீதி கடற்கரைக்குச் சமாந்தரமாக ஓடுகிறது. ஆகவே கடைகள் ஒன்றில் கிழக்கைப் பார்க்கும், இல்லாவிட்டால் மேற்கைப் பார்க்கும், வேறு வழியில்லை. வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிற கடை மேற்குமுகம். பின்னேர வெயில், அதோடு ஆனி, ஆடி, ஆவணியில் மலைகளைத் தாண்டி வரண்டு வரும் கச்சான் காற்று, இரண்டும் நேராக முகப்பில் அடிக்கும். எதிர்ப்பக்கத்துக் கடைக்காரருக்கு அந்தக் கஷ்டம் காலையோடு முடிந்துவிடும். இரண்டு கடையும் ஒரே அளவு, ஒரே ஏசி, ஒரே விளக்கு என்று வைத்தாலும் பில் ஒன்றாக இருக்காது. ஆனால் இரண்டு உரிமையாளர்களும் ஒரே அளவு கண்ணாடிதான் போடுகிறார்கள், அது பஷன்.

பழைய வீடுகளில் மேற்கே விறாந்தை இருந்தது. அது வெறும் அழகுக்கு அல்ல.

பிளேட் கூரைக்கும் ஒரு காரணம் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதிப் புயலில் ஓடும் தகடும் பறந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் எங்களோடு இருக்கிறது. அவர்களுக்கு கொங்கிறீட் என்றால் நிம்மதி. அதோடு நாளைக்கு மேலே இன்னொரு மாடி எழுப்பலாம் என்ற எண்ணம். அந்த "நாளை" இருபது வருடம் வராவிட்டாலும் கம்பி வானத்தைப் பார்த்து நிற்கும், பிளேட் வெயிலைக் குடித்துக்கொண்டே இருக்கும். மட்டக்களப்பு வடக்கே 7.7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரமளவிலும் செப்டெம்பர் முதல் நாட்களிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இந்த அகலாங்கில் மேல்தளத்து வீட்டின் மிகப் பெரிய வெப்ப வாசல் சுவரோ யன்னலோ அல்ல, கூரைதான்.

கொங்கிறீட்டின் குணம் இதில் முக்கியம். அது பகலில் மெதுவாகச் சூட்டை உள்வாங்கி இரவில் மெதுவாக விடும். விடுகிற நேரம் ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை. அதே நேரத்தைத்தான் மின்சாரக் கட்டணப் பட்டியல் உச்ச நேரம் என்கிறது: மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. நாடு முழுக்க விளக்கும் விசிறியும் ஏசியும் ஒன்றாக எரிகிற நேரம், அலகு ஒன்று உற்பத்தி செய்ய ஆகக்கூடிய செலவாகும் நேரம். பகல் வெயிலை இரவு உச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை எங்கள் கூரைகள் சம்பளம் இல்லாமல் செய்கின்றன.

இனிச் சலுகைக்கு வருவோம். 2010இல் நெற் மீற்றரிங் வந்தது. பகலில் அனுப்பும் அலகை இரவில் எடுக்கலாம், காசு கைமாறாது. 2016 செப்டெம்பரில் கூரைச் சோலருக்கான அரசின் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கியபோது மிஞ்சும் அலகுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 ரூபா என்று இருபது வருட உறுதி கொடுத்தார்கள். 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கூரைச் சோலருக்காகவே 5 கோடி டொலர் கடன் ஒப்புதல் தந்தது. உள்ளூர் வங்கிகள் ஊடாக அது வந்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2022இல் விலையை 37 ரூபாவுக்கு ஏற்றினார்கள், பிறகு இறக்கினார்கள். இறக்கியதும் சண்டை, வழமையானது.

நான் சோலருக்கு எதிரி அல்ல. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டவன் அப்படிப் பேச முடியாது. ஆனால் 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கூரைப் பனல்களைப் பின்னேரம் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. தொழிற்சாலைகள் பூட்டியிருக்கும் நாளில் பகல் தேவை இறங்கிவிடும், சோலர் கூடிவிடும், வலையமைப்பு தாங்காது. அதே வருடம் பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்க மின் போனதன் பயம் அப்போதும் ஆறவில்லை. பகலில் மிதமிஞ்சி, இரவில் போதாமை. பற்றரி இல்லாத பனல் இரவு எட்டு மணிக்கு ஒன்றும் தராது. வெயிலை உள்வாங்காத கூரையோ இரவு எட்டு மணிக்குத்தான் தன் பலனைக் காட்டும். அந்தக் கூரைக்குக் கடனும் இல்லை, அலகுக்கு இத்தனை ரூபா என்ற உறுதியும் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் ஒரு நேர்மையான பதில் உண்டு: பனல் தந்த அலகை மீற்றர் எண்ணும், பாவிக்காமல் விட்ட அலகை எந்த மீற்றரும் எண்ணாது. எண்ண முடியாததற்குக் காசு கொடுக்க எந்த நிர்வாகமும் தயங்கும். ஆனால் வெளிநாட்டில் இதற்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள், அதைச் சொல்லக் கொழும்பு நிபுணர் தேவையில்லை. லண்டனில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் ஊர்க்காரர் யாரிடமாவது கேளுங்கள். இங்கிலாந்தில் 2018 ஏப்ரலிலிருந்து வலுச் சான்றிதழில் தரம் 'ஈ'க்கு (E) கீழே உள்ள வீட்டையோ கடையையோ புதிதாக வாடகைக்கு விட முடியாது, விதிவிலக்குகள் கொஞ்சம் உண்டு. அங்கே அந்தச் சான்றிதழுக்காகக் கூரைக்குள் பஞ்சு அடைக்கும் அதே ஆள், ஆரையம்பதியில் கட்டும் வாடகை வீட்டுக்கு வெறும் பிளேட் போட்டுவிட்டுப் போகிறார். நியூயோர்க்கில் 2019இல் இன்னும் கடுமையாகப் போனார்கள்: 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் கரியமில வாயு எல்லை, தாண்டினால் தொன்னுக்கு 268 டொலர் தண்டம். அது எங்களுக்குச் சரிவராது, அளவே வேறு. இங்கிலாந்தின் வழிதான் பொருந்தும், ஏனென்றால் அது கட்டடத்தைப் பிடிக்காமல் வாடகை உடன்படிக்கையைப் பிடிக்கிறது.

சட்டமும் சலுகையும் இப்படி இருக்க, உண்மையில் எங்கள் உரிமையாளர்களைத் திருத்தியது பில்தான். 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் 66 வீதம் ஏறியது. பிறகு ஏறி இறங்கி, 2024 மார்ச்சில் 21.9, ஜூலையில் 22.5, 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள். 2025 ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். இந்த ஊஞ்சலைப் பார்த்து யாரும் பத்து வருடக் கணக்குப் போட முடியாது என்பது வேறு கதை. ஆனால் அந்த 2023இல்தான் லொட்ஜ்காரர்கள் முதல்தடவையாகப் பில்லின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

அங்கே என்ன இருக்கிறது? கடை, அலுவலகம், மண்டபம் எல்லாம் பொது நோக்கப் பிரிவு. ஹோட்டல்களுக்குத் தனிப் பிரிவு. 42 கேவிஏ வரை ஒரு வகை. மூன்று பேஸ், 60 அம்பியர் என்றால் 41 சொச்சம் கேவிஏ வரும்; அந்த 42 வந்த வழி அதுதான். அதைத் தாண்டினால் பல்க் சப்ளை, அதாவது மொத்த விநியோகம். அங்கே பகல், உச்சம், இரவு என்று மூன்று விலை. அதோடு மாதத்தில் எட்டிய ஆகக்கூடிய கேவிஏக்குத் தனிக் கட்டணம்.

இந்த ஆகக்கூடிய கேவிஏ கல்யாண மண்டபங்களைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. மண்டபம் மாதத்தில் இருபத்தைந்து நாள் பூட்டிக் கிடக்கும். ஒரு வெள்ளி இரவு வலீமா, முஸ்லிம் கல்யாண விருந்து. ஏழு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்க, எல்லா ஏசியையும் ஒரே நேரத்தில் போடுவார்கள், சமையல்கட்டு மோட்டர், மின்விளக்கு அலங்காரம் எல்லாம் ஓடும். மீற்றர் சில நிமிடச் சராசரியில் அந்த உச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்ச நாளெல்லாம் ஒரு குண்டு விளக்குக்கூட எரியாவிட்டாலும் அந்த மாதக் கேவிஏ கட்டணம் அந்த இரவின் கணக்குத்தான். ஐந்து மணியிலிருந்தே ஏசிகளை ஒவ்வொன்றாகப் போட்டு மண்டபத்தை முன்கூட்டியே குளிர வைத்தால், ஆட்கள் வரும்போது கம்பிரசர்கள் ஒன்றாக முழு வேகத்தில் ஓடாது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. மணிக்கூடு பார்க்கத் தெரிந்த ஒரு காவலாளி போதும்.

கேவிஏயைக் குறைக்க இன்னொரு வழி கப்பாசிற்றர். 38 கிலோவாற் சுமை, மோட்டரும் பழைய ஏசியுமாகப் பவர் பக்டர் (இழுக்கும் கேவிஏயில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 0.8 என்றால் மீற்றருக்கு அது 47.5 கேவிஏ. கப்பாசிற்றர் பாங்க் பூட்டி 0.95க்குக் கொண்டுவந்தால் 40 கேவிஏ. ஒரு விளக்கையும் அணைக்காமல் 7.5 கேவிஏ கட்டணம் மிச்சம்.

விசிறியை எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். சாதாரண சீலிங் விசிறி 75 வாற் எடுக்கும். பிரஷ் இல்லாத மோட்டர் விசிறி 30 வாற் அளவில் நிற்கும். இருபது அறை லொட்ஜில் நாளுக்கு 12 மணித்தியாலம் ஓடினால் வித்தியாசம் நாளுக்கு 10.8 அலகு, மாதம் 324 அலகு. ஏசி என்றால் இன்வேர்ட்டர் நல்லது, சரி. ஆனால் கல்லடி, பாசிக்குடா, அறுகம்பே போன்ற கடலோரத்தில் வெளி யுனிட்டின் கொயிலை உப்புக் காற்று இரண்டு மூன்று வருடத்தில் தின்றுவிடும். நட்சத்திர முத்திரை அதைச் சொல்லாது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவது, கடலைப் பார்க்காத சுவரில் பூட்டுவது என்பவை அந்த நட்சத்திரங்களைக் காப்பாற்றும்.

பல குடும்பம் இருக்கும் வீடுகள் எங்களிடம் கொழும்பு மாதிரி அடுக்குமாடி அல்ல. கீழே கடை, நடுவில் டியூட்டரி, மேலே இரண்டு குடும்பம். அல்லது ஒரு பெரிய வீட்டை மூன்றாகப் பிரித்தது. காத்தான்குடியில் காணி இருக்கும் விலைக்கு வேறு எப்படிக் கட்டுவது? இங்கே நடக்கும் பெரிய அநியாயம் ஒற்றை மீற்றர். வீட்டுப் பில்லில் அலகு கூடக் கூட விலைக் கட்டமும் ஏறும். மூன்று குடும்பம், குடும்பத்துக்கு மாதம் 70 அலகு. தனித்தனி மீற்றர் என்றால் ஒவ்வொருவரும் நடுக்கட்டத்திலேயே நிற்பார்கள். ஒரே மீற்றரில் 210 அலகு. 180ஐத் தாண்டிக் கடைசிக் கட்டத்துக்குப் போய்விடும், நிலையான கட்டணமும் கூடும். உரிமையாளர் சப் மீற்றர் வைத்து அலகுக்கு இத்தனை என்று ஒரு விலை சொல்வார். கஞ்சமாகப் பாவிக்கும் குடும்பம் ஏசிக் குடும்பத்தின் கட்டத்துக்கும் சேர்த்துக் கட்டும். இதில் சிக்கனம் செய்ய யாருக்கு மனம் வரும்? தனி மீற்றர் எடுத்துக் கொடுப்பதுதான் இந்த வீடுகளில் முதல் சிக்கன வேலை.

கூரைக்கு என்ன செய்யலாம் என்றால், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு ஆக மலிவு. மழைக்காலம் முடிந்து பாசியைத் தேய்த்துக் கழுவாவிட்டால் ஒரு வருடத்தில் சாம்பல் நிறமாகிப் பலன் குறையும். பிளேட்டுக்கு மேலே இரண்டு மூன்று அடி இடைவெளி விட்டு அமானோ சீற் (கூரைத் தகடு) போடுவது இப்போது பரவுகிறது, உடுப்புக் காயப்போட இடமும் கிடைக்கும். காற்றுக்குக் கட்டுமானம் உறுதியாக இருக்கவேண்டும், 78ஐ மறக்கக்கூடாது. பனல் போடுகிறவர் கூரையின் ஏதோ ஒரு பாதியில் பூட்ட விடாமல், குடியிருக்கும் அறைகளுக்கு மேலே நிழல் விழுகிற மாதிரி அடுக்கச் சொல்லலாம்; பூட்டுகிறவர்கள் கம்பி நீளத்தைப் பார்ப்பார்கள், படுக்கையறையைப் பார்க்கமாட்டார்கள்.

உள்ளூராட்சி சபைகள் நினைத்தால் சோலைவரியில் (கட்டடத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி) ஒரு சிறு தள்ளுபடி கொடுத்து இதைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். மாநகர சபையின் ஆள் மதிப்பீட்டுக்கு எப்படியும் வருகிறார். ஒருதரம் மேலே ஏறிப் பார்த்தால் போதும். ஆனால் வாடகைப் பெறுமதியை வைத்தே வரி போடுவதால், வீடு நன்றாக இருந்தால் வரி கூடுமோ என்ற பயம்தான் இன்றைக்கு உரிமையாளருக்கு இருக்கிறது.

அதுவரை வாடகைக்குப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். நான் அடுத்த வீட்டுக்கு முற்பணம் கொடுக்கும் முன் பழைய பில்களைக் கேட்டேன். உரிமையாளர் யோசித்துவிட்டு ஒன்றை எடுத்துவந்து நீட்டினார், தொகை குறைவாகத்தான் இருந்தது. மாதத்தைப் பார்த்தேன்: டிசம்பர். வாடை மழையில் விசிறிகூடப் போடாத மாதம். "ஓகஸ்ட் பில் இருக்கா?" என்றேன். அதைத் தேடி எடுக்க அவருக்கு ஒரு வாரம் ஆனது.